மூச்சுத்திணறலோடு வார்டில் படுத்திருப்பவருக்குத் துணை இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுரையீரல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று யாராவது ஒருவர் பின்னாலேயே வருவார். டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்கிற அந்தச் சந்தேகங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்க இது உதவினால் போதும்.

"வெறும் சளிதானே சிஸ்டர், இதுக்குப் போய் அட்மிஷனா?"

சளி, இருமல், இளைப்பு என்று ஒரே மாதிரி வருகிறவர்களில் ஒருவருக்கு நிமோனியா இருக்கும், இன்னொருவருக்கு ஆஸ்துமா, அடுத்தவருக்கு டிபி, அவருக்கும் அடுத்தவருக்கு நுரையீரலில் ஒன்றுமே இல்லாமல் இதயம் பலவீனமாகியிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் நாலு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். எது என்று பிரிப்பதுதான் முதல் நாள் வேலை.

நிமோனியா என்றால் வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஐந்து விஷயங்களைக் கணக்கில் எடுப்பார்கள்: 65 வயதோ அதற்கு மேலோ, புதிதாக வந்த குழப்பம், ரத்தத்தில் யூரியா கூடியிருப்பது, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, ரத்த அழுத்தம் மேல் எண் 90-க்குக் கீழோ கீழ் எண் 60 வரையோ இறங்கியிருப்பது. இதில் இரண்டு சேர்ந்தாலே பெரும்பாலும் உள்ளே வைத்துத்தான் பார்ப்பார்கள். அப்புறம், வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. "நேத்து ராத்திரியிலிருந்து சம்பந்தமில்லாமப் பேசுறாரு, சாப்பிடல" என்பது மட்டுமே அறிகுறியாக வந்தவர்கள் நிறைய.

"விரல்ல மாட்டுறாங்களே, அதுல எவ்வளவு காட்டணும்?"

அது காட்டுவது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது. நுரையீரல் நன்றாக இருக்கிறவருக்கு 95-க்கு மேல். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி இருக்கிறவருக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும் என்றுதான் பெரும்பாலும் டாக்டர் எழுதியிருப்பார். பக்கத்துக் கட்டிலில் 98 ஓடுகிறது, நமக்கு 90 தான் என்று ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

விரல் சில்லென்று இருந்தாலும், கை நடுங்கினாலும், நகத்தில் அடர்ந்த நெயில் பாலிஷ் இருந்தாலும் மெஷின் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நம்மைப் போல மாநிறமும் கருப்புமான தோலில் சில சமயம் உள்ளதைவிட ஒன்றிரண்டு எண் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதனால்தான் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

"எண்ணைப் பார்க்காம வேற எதைப் பார்க்கிறது? நாங்க என்ன டாக்டரா?"

மூச்சை எண்ணுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், வார்டில் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். நோயாளியிடம் "எண்ணப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு விடுகிற விதமே மாறிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்து, வயிற்றின் மேல் கிடக்கும் போர்வை ஏறி இறங்குவதைச் செல்போன் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், மூச்சு சீராக இல்லாதபோது அந்தக் கணக்கு தப்பும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25-ஐத் தாண்டினால் வந்து சொல்லுங்கள். 30 ஆனால் யோசிக்காமல் கூப்பிடுங்கள், மெஷின் 97 காட்டினாலும் சரி.

அடுத்தது பேச்சு. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிறாரா, இல்லை "சாப்... பிட்டேன்... கொஞ்சம்" என்று வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிறாரா என்று கவனியுங்கள். கழுத்து நரம்பு புடைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுப்பது, வியர்வையில் சட்டை நனைவது, உதடு நீலம் பாய்வது, இவ்வளவு நேரம் திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று தூங்கி வழிவது, இவை எல்லாம் உடனே சொல்ல வேண்டியவை. கடைசியாகச் சொன்னதைத்தான் நிறையப் பேர் "அப்பாடா, இப்பத்தான் தூங்குறாரு" என்று விட்டுவிடுகிறார்கள்.

"ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர், பாவமா இருக்கு."

ஆக்சிஜனும் மருந்துதான், அளவு உண்டு. சிஓபிடி உள்ளவருக்குத் தேவைக்கு மேல் கொடுத்தால் உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் தேங்க ஆரம்பிக்கும். அது தேங்கினால் முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம் கலந்த தூக்கம், அப்புறம் எழுப்பினாலும் எழ மாட்டார். சாச்சுரேஷன் மட்டும் அழகாக 99 என்று ஓடிக்கொண்டிருக்கும்! ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் வைத்தவர்களைவிட 88-92 என்று அளந்து வைத்தவர்களில் இறப்பு பாதிக்கும் குறைவாக இருந்தது.

சுவரில் இருக்கும் ஆக்சிஜன் திருகை ராத்திரியில் யாரும் பார்க்காதபோது திருகிவிடுகிறவர்கள் உண்டு, அன்பில்தான் செய்கிறார்கள், தெரியும். தயவுசெய்து வேண்டாம். திணறல் கூடினால் திருகைத் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

"எங்கம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதே இல்லை. அவங்களுக்கு எப்படி சிஓபிடி வரும்?"

முப்பது வருடம் விறகடுப்பில், காற்றுப் போக வழியில்லாத சமையலறையில் சமைத்திருப்பார். சுள்ளி, வறட்டி, சாணி எரித்த புகை சிகரெட் புகைக்குச் சளைத்ததில்லை. முன்பு டிபி வந்து ஆறிய நுரையீரலிலும் இந்த அடைப்பு வரும். நூற்பாலையிலோ கல் குவாரியிலோ வேலை பார்த்தவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இது ஆஸ்துமாவா சிஓபிடியா என்று உறுதியாகச் சொல்ல ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் சரியாக ஊத முடியாது. அதனால் பெரும்பாலும் தேறிய பிறகு, சில வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள், நிறையப் பேர் விடுகிறார்கள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு இத்தனை டெஸ்ட்? மணிக்கட்டுல குத்துறது வேற உயிர் போகுதுங்கிறாரு."

எக்ஸ்ரே நிழலைக் காட்டும், அந்த நிழல் எதனால் என்று சொல்லாது. கிருமியைப் பார்க்கச் சளி, நோயின் வேகத்தைப் பார்க்க ரத்தம், இதயத்தைப் பார்க்க இசிஜி, எக்கோ. மணிக்கட்டில் குத்துவது ஏபிஜி. மற்ற ரத்தம் சிரையில் எடுப்பது, இது தமனியில் எடுப்பது, அதனால் வலி அதிகம்தான். ஆனால் கரியமில வாயு தேங்கியிருக்கிறதா, ரத்தம் அமிலமாகிவிட்டதா என்பதை விரல் மெஷின் சொல்லவே சொல்லாது. ஆக்சிஜனைக் கூட்டி வைக்கச் சொன்ன கேள்வியில் சொன்ன ஆபத்து இந்த ஒரு டெஸ்டில்தான் தெரியும். எடுத்த பிறகு பஞ்சை ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீங்கிக் கன்றிவிடும்.

"சளி டப்பாவுல எச்சில்தான் வருது. அதையே குடுத்துடலாமா?"

கூடாது. எச்சிலில் வாயில் இருக்கிற கிருமிதான் வரும். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அடிவயிற்றிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவதுதான் வேண்டும். வெளிக்காற்றில் நின்று எடுப்பது நல்லது, வார்டுக்குள் பத்துப் பேர் நடுவில் வேண்டாம்.

"டிபின்னு வந்திருக்கு. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுமா?"

வேண்டாம். டிபி தட்டில் பரவாது, இருமும்போது காற்றில் பரவும். மாஸ்க், திறந்த ஜன்னல், ஒழுங்காக மாத்திரை, இந்த மூன்றும்தான் முக்கியம். சளியில் செய்யும் சிபிநாட் டெஸ்ட் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். சாதாரண டிபிக்கு ஆறு மாத மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது அந்த ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே வாருங்கள்.

"வீட்டுல குழந்தை இருக்கே, இங்கேயே ஆறு மாசம் வச்சிருக்க மாட்டீங்களா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி. தாம்பரம் சானடோரியம் 1928-இல் தொடங்கிய காலத்தில் மாசக்கணக்கில் அங்கே படுத்திருப்பதுதான் வைத்தியம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நகரத்தின் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, நோயாளியோடு வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாற நம்மூர் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். குழந்தைக்குத் தனியாகப் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், அதற்குப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

"அடிக்கடி நெபுலைசர் வச்சா பழகிடும்ங்கிறாங்களே?"

பழகாது. இது போதைப் பொருள் இல்லை. நோய் திரும்பத் திரும்ப வருவதால் மருந்து திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது, பார்க்கிறவர்களுக்கு அது பழக்கம் மாதிரித் தெரிகிறது. வைத்த பிறகு கை நடுக்கமும் படபடப்பும் கொஞ்ச நேரம் இருக்கும், அது அதில் இருக்கும் சால்புட்டமால் மருந்தின் வேலை. மாஸ்க் முகத்தில் சரியாக உட்கார வேண்டும். மேல்பக்கம் கசிந்து டியோலின் மாதிரி மருந்து கண்ணில் பட்டால் பார்வை மங்கும். கண் அழுத்த நோய் இருக்கிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

"ஊசி ஆரம்பிச்சதிலிருந்து சுகர் 300 போகுது. தப்பான மருந்தா?"

ஸ்டீராய்டு. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்க அது வேண்டும், சுகரையும் ஏற்றும். சிஓபிடி திடீரென்று முற்றினால் பெரும்பாலும் ஐந்து நாள்தான் கொடுப்பார்கள். அதுவரை இன்சுலின் போட்டுச் சமாளிப்பார்கள். நிறுத்திய பிறகு இறங்கும், ஆகவே வீட்டுக்குப் போகும்போது எந்த இன்சுலின் அளவைத் தொடர வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட அதே அளவை வீட்டில் போட்டுச் சுகர் இறங்கி மயங்கிவிடக் கூடாது.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்காம். தண்ணி அதிகமா குடிச்சதாலயா?"

குடித்த தண்ணீர் அங்கே போகாது. தண்ணீர் கோப்பது இரண்டு இடத்தில். ஒன்று, நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுகளுக்கு நடுவில். இதற்கு டிபி, நிமோனியா, புற்றுநோய் எனப் பல காரணம் உண்டு, ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். இன்னொன்று, நுரையீரலுக்குள்ளேயே காற்றறைகளில், பெரும்பாலும் இதயம் பலவீனமானதால். இதை ஊசியால் எடுக்க முடியாது, சிறுநீராக வெளியேற்றும் மருந்துதான். இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி" என்று அளவு சொல்வார்கள், எல்லாருக்கும் இல்லை. படுத்தால் திணறி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், கால் வீங்கியிருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சவ்வுக்கு நடுவில் மூன்று லிட்டர் இருந்தாலும் ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள். வேகமாக எடுத்தால் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்து அதுவே நீர் கோத்துக்கொள்ளும். எடுக்கும்போது இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் சொல்லச் சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள்.

"பாட்டில்ல குமிழி வருதே, நல்லதா கெட்டதா?"

எந்தப் பாட்டில் என்பதைப் பொறுத்தது. சுவரில் ஆக்சிஜனோடு இருக்கும் பாட்டிலில் குமிழி வந்தால் ஆக்சிஜன் போகிறது என்று அர்த்தம். விலாவில் போட்ட குழாய் இறங்கும் தரைப் பாட்டிலில் குமிழி வந்தால் நெஞ்சுக்குள் சேர்ந்த காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது, போட்டால் காற்று உள்ளேயே அடைபட்டு இதயத்தையே நெருக்கிவிடும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேல் தூக்கி வைத்துவிடுகிறார்கள். எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் தொங்க வேண்டும், இல்லையென்றால் பாட்டில் தண்ணீர் திரும்ப உள்ளே போகும்.

குழாய்க்குள் நீர்மட்டம் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அது அசையாமல் நின்றுவிட்டால் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். நுரையீரல் நன்றாக விரிந்துவிட்டாலும் அசைவு நிற்கும், அதை எக்ஸ்ரேதான் சொல்லும்.

"வாய் காய்ஞ்சு கிடக்கு. ஒரு வாய் காபி குடுத்தா என்ன ஆயிடப் போகுது?"

நிறைய ஆகும். பக்கவாதம் வந்தவர், அரை மயக்கத்தில் இருப்பவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், இவர்களுக்குப் படுத்த நிலையில் ஊற்றுகிற காபி வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். புரையேறி இருமினால்கூடத் தேவலை, சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் இறங்கிவிடும். மூன்றாம் நாள் காய்ச்சல், எக்ஸ்ரேயில் வலது பக்கம் வெள்ளை. தேறிக்கொண்டிருந்தவர் திரும்ப ஐசியூவுக்குப் போக ஒரு டம்ளர் காபி போதும். "சாகக் கிடக்கிறவருக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்க விடமாட்டியா" என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனாலும் விட மாட்டேன்.

வாய் காய்ந்தால் ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடையுங்கள். வாயால் சாப்பிட டாக்டர் அனுமதித்திருந்தால், நேராக உட்கார வைத்து, நன்றாக விழித்திருக்கும்போது, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. விழுங்கிய பிறகு குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்கில் டியூப் போட்டிருந்தாலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உயரும். இன்னொன்று, பல் தேய்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியாவைக் குறைக்கப் பணம் செலவில்லாத வழி இதுதான், பத்து நாள் படுத்திருப்பவருக்கு ஒருநாள்கூடப் பல் தேய்த்துவிடாத குடும்பங்கள் இருக்கின்றன.

"கால் எலும்பு ஆபரேஷனுக்குத்தான் வந்தோம். நெஞ்சு டாக்டர் எதுக்கு வந்து பார்க்கிறார்?"

அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சில சமயம் மயக்கம் வரும். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், மருந்து செலுத்தி எடுக்கும் சிடியில்தான் தெரியும். வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி இதைத் தடுக்கத்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்த்துவிடாதீர்கள், சொல்லுங்கள்.

மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்களே, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வலியில் மேலோட்டமாக மூச்சு விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும், அதை விரிக்கத்தான் அது. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை.

"ஆஸ்துமாவுல விசில் சத்தம் நின்னுடுச்சு. அப்படின்னா சரியாயிடுச்சுதானே?"

மூச்சு சுலபமாகி, முழு வாக்கியம் பேசி, சத்தமும் நின்றால் சரி. ஆனால் களைத்துப்போய், பேச முடியாமல், சத்தம் மட்டும் நின்றிருந்தால் அது மிகப் பெரிய ஆபத்து. விசில் வரக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஏபிஜியில் கரியமில வாயு நார்மல் என்று வந்தாலும் டாக்டர் முகம் மாறும். வேகவேகமாக மூச்சு விடுகிறவருக்கு அது குறைவாக இருக்க வேண்டும், நார்மலுக்கு ஏறிவிட்டது என்றால் தசைகள் சோர்கின்றன.

"எக்ஸ்ரே சுத்தம், சாச்சுரேஷன் 99. அப்புறம் ஏன் மூச்சு வாங்குது? மனப்பிரமையா?"

பயத்திலும் மூச்சு வாங்கும், ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமானால் ஆழமாக, வேகமாக, நிற்காமல் மூச்சு விடுவார்கள். நுரையீரலில் கோளாறு இல்லை, அமிலத்தை வெளியேற்ற உடம்பு பாடுபடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தாலும் அப்படியே. ஹீமோகுளோபின் 5 இருக்கிற பெண்ணுக்கும் 99 காட்டும், இருக்கிற கொஞ்ச ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவாகத்தான் இருக்கும், ரத்தம்தான் போதாது. மேலே சொன்ன ரத்தக்கட்டியும் சில சமயம் இப்படி வரும்.

"வென்டிலேட்டர் போட்டா திரும்ப வர மாட்டாங்களாமே?"

வருகிறார்கள். வராதவர்கள் வென்டிலேட்டரால் வராமல் போகவில்லை, நோயின் கடுமையால். மருந்து வேலை செய்யும்வரை மூச்சு விடும் வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய படி பைபாப், குழாய் இல்லாமல் இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தம் கொடுப்பது. கரியமில வாயு தேங்கிய சிஓபிடி நோயாளிகள் பலர் இதிலேயே தேறிவிடுவார்கள், ஆனால் முதல் சில மணி நேரம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், கழற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், மாஸ்க்கைத் தூக்கிச் சோறு ஊட்டாதீர்கள். முன்கூட்டியே உடம்பு மிகவும் தளர்ந்துபோன பெரியவர் என்றால், குழாய் போடுவது அவருக்கு எவ்வளவு பலன் தரும் என்று டாக்டரிடம் நேரடியாகவே கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரத்தில் முடிவு செய்வதைவிடப் பகலில் குடும்பமாகப் பேசி வைப்பது நல்லது.

"டிஸ்சார்ஜ்னு சொல்றாங்க, ஆனா எக்ஸ்ரேல இன்னும் வெள்ளையா இருக்கே?"

ஆள் தேறிய பிறகும் படம் தேற நாளாகும், ஆறு வாரம்கூட ஆகலாம். காய்ச்சல் நின்று, சாப்பிட்டு, ஆக்சிஜன் இல்லாமல் நடக்கிறார் என்றால் போகலாம். ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஐம்பது தாண்டிய, புகைபிடித்த ஆள் என்றால் கட்டாயம். நிழல் மறையாவிட்டால் அதற்குள் கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"வீட்டுக்கு இன்ஹேலரும் ஆக்சிஜன் மெஷினும் எழுதியிருக்காங்க. எதைக் கவனிக்கணும்?"

இன்ஹேலரை எங்கள் முன்னால் ஒருதடவை இழுத்துக் காட்டிவிட்டுப் போங்கள். அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் சேராமல் மருந்து நாக்கிலேயே நின்றுவிடுவது சகஜம். ஸ்பேசர் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆஸ்துமா கூடும்போதும் அது நெபுலைசர் அளவுக்கு வேலை செய்யும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரும்.

வீட்டு ஆக்சிஜன் எல்லாருக்கும் தேவையில்லை. தேறிய பிறகும் சாச்சுரேஷன் 88-க்கு மேல் ஏறாதவர்களுக்குத்தான். எழுதியிருந்தால் நாளுக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டும், திணறும்போது மட்டும் பத்து நிமிடம் வைப்பதால் பலன் இல்லை. மெஷின் இருக்கும் அறையில் பீடி, விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. மூக்கு காய்ந்தால் வாஸ்லின் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் கேட்டு வாங்குங்கள். டியூப் நீளமாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் கழிப்பறை வரைக்கும் போய் வரலாம், ஆனால் அந்த டியூப் தடுக்கி விழுகிறவர்களும் உண்டு, சுவரோரமாக ஒதுக்கி விடுங்கள்.